ஒரே புத்தகத்தில் இரண்டு காலங்கள்: பழைய நாவல்களையும் சரித்திரக் கதைகளையும் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அக்கா மகள் சினிமா பார்த்த சூட்டோடு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிவிட்டாள். ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்க்கிறேன், முதல் பாகத்தில் அறுபதாவது பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. மற்ற நான்கு பாகங்களும் பிரிக்காமலே இருக்கின்றன.

"கதை நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா பேரெல்லாம் குழம்புது. ஒருத்தருக்கே மூணு பேர் இருக்கு. இதுல யார் நிஜமா இருந்தவங்க, யார் கற்பனைன்னும் தெரியலை" என்றாள்.

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பழைய நாவல்களைப் படிக்க ஆசைப்பட்டுத் தொடங்கி, அறுபதாவது பக்கத்தில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்தப் புத்தகங்கள் எப்படி உருவாயின, யாருக்காக எழுதப்பட்டன என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய நாவல் வேறு, சரித்திர நாவல் வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. பெயரில் 'சரித்திரம்' என்று இருந்தாலும் அது சரித்திர நாவல் கிடையாது. அந்தக் காலத்தில் 'சரித்திரம்' என்றால் ஒருவருடைய வாழ்க்கைக் கதை என்றும் பொருள். அதே மாதிரிதான் ராஜமய்யர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. ராஜமய்யர் தன் கண்முன்னால் இருந்த கிராமத்தை, தான் தினமும் கேட்ட பேச்சை எழுதினார். ஊர்ப் பெண்கள் கூடி அடுத்த வீட்டுக் கதை பேசுவதற்கு 'வம்பர் மகாசபை' என்று அவர் வைத்த பேரைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அவர் எழுதிய நாளில் அது புத்தம் புதிய சமூகக் கதை. 130 ஆண்டு ஓடிவிட்டதால் நமக்கு அது பழைய காலம் ஆகிவிட்டது. இது பழைய நாவல்.

சரித்திர நாவல் அப்படிப் பிறப்பதில்லை. எழுதுகிறவர் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை எழுதத் தொடங்கியது 1950-ல். கதை நடப்பதோ 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நடுவே ஏறக்குறைய ஆயிரம் வருஷம். கல்வெட்டு, செப்பேடு, பழைய பாட்டு, இடிந்த கோயில், ஊர்ப்பெயர், இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, மீதியைக் கற்பனையால் நிரப்பி எழுதியது அது.

ஆகவே சரித்திர நாவல் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு காலங்கள் இருக்கின்றன: கதை நடக்கும் காலம் ஒன்று, கதை எழுதப்பட்ட காலம் இன்னொன்று. படிக்கிறவர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் போதும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கல்கியின் 'பார்த்திபன் கனவு' இதற்கு நல்ல உதாரணம். பல்லவப் பேரரசுக்குக் கப்பம் கட்ட மறுத்து, சோழ நாடு சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று கனவு கண்டு, அதற்காகப் போர்க்களத்தில் உயிர்விடும் ஒரு சிற்றரசனின் கதை. மகன் வளர்ந்து அந்தக் கனவை நிறைவேற்ற வேண்டும். கதை நடப்பது 7-ஆம் நூற்றாண்டில். ஆனால் அது பத்திரிகையில் வெளிவந்த காலம் 1941-43. நாடு வெள்ளைக்காரன் கையில் இருக்கிறது, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் நடக்கிறது. எழுதியவர் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பார்த்திப மகாராஜா 'சுதந்திரம்' என்று சொல்லும்போது அன்றைய வாசகர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல்லில் உள்ள துடிப்பு 7-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்ததில்லை, 1942-லிருந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் கதை இரண்டு மடங்கு ருசிக்கும்.

ஏன் ராஜராஜன் கதாநாயகன் இல்லை?

புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. புத்தகத்தின் பேரே 'பொன்னியின் செல்வன்', அதாவது பிற்காலத்து ராஜராஜ சோழன். ஆனால் முதல் பாகம் முழுவதும் அவன் நேரில் வரவே மாட்டான். குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போகிறவன், மாட்டிக்கொள்கிறவன், தப்பிக்கிறவன், சமயத்தில் அசட்டுத்தனம் பண்ணுகிறவன் வந்தியத்தேவன். ஏன்?

இதற்கு ஸ்காட்லாந்து வரை போக வேண்டும். வால்டர் ஸ்காட் 1814-ல் வெளியிட்ட 'வேவர்லி' என்ற நாவலைத்தான் ஐரோப்பாவில் சரித்திர நாவலின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அரசனையோ பெரிய தலைவனையோ நடுவில் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஒரு சாதாரண இளைஞனை உள்ளே அனுப்பினார். பெரிய மனிதர்கள் கதையின் ஓரத்திலேயே இருப்பார்கள். வாசகன் அந்த இளைஞனின் தோளுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்ப்பான்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ராஜராஜன் என்ன செய்தான் என்பது கல்வெட்டில் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. வந்தியத்தேவனைப் பற்றி அப்படி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிப்பிடும்போது, ராஜராஜனின் 'திருத்தமக்கையார்', 'வல்லவரையர் வந்தியத்தேவர் மஹாதேவியார்' என்று வருகிறது. அந்தப் பேர் உள்ளவர் குந்தவையின் கணவர் என்பது அதிலிருந்து தெரிகிறது. இளம் வயதில் அவர் எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்பதற்குக் கல்வெட்டில் ஒரு வரி கிடையாது. கல்கிக்கு அது போதும். ஒரு பேர், ஒரு உறவு, மற்றதெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் அவர் குதிரையை ஓட்டினார்.

பாட்டியின் பைண்டு வால்யூம்

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு மர பீரோ இருந்தது. அதன் கீழ்த்தட்டில் கறுப்புக் காலிகோ ஒட்டிய தடித்த புத்தகங்கள் வரிசையாக இருக்கும். கடையில் வாங்கியவை இல்லை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கவனமாகப் பிரித்தெடுத்து, சேர்த்து வைத்து, பைண்டிங் செய்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியவை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இது உண்டு. ஒரு பக்கத்தில் கதை உச்சத்தில் இருக்கும், புரட்டினால் பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரமோ, பாதியில் வெட்டுப்பட்ட சமையல் குறிப்போ இருக்கும். ஓரத்தைக் கத்தரித்ததில் சில வரிகளின் கடைசி எழுத்து போயிருக்கும். நடுவில் ஒரு வாரத்துப் பக்கம் கிடைக்கவில்லை என்று பாட்டியே வெள்ளைத் தாளில் பென்சிலால் கதைச் சுருக்கம் எழுதி ஒட்டியிருந்தார்.

அந்த பைண்டு வால்யூமைப் புரட்டினால்தான் ஒரு விஷயம் மண்டையில் ஏறும். இந்த நாவல்கள் புத்தகமாகப் பிறந்தவை இல்லை. வாரம் ஒரு தவணையாக வந்தவை.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை 'கல்கி' இதழில் ஓடியது. மூன்றரை வருஷம். ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் வருகிறது. அன்றைய வாசகர் ஒன்றரை அத்தியாயம் படித்துவிட்டு, ஏழு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவர் சத்தம் போட்டுப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதும் உண்டு. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வழியாகத்தான் அவர்கள் மனதில் நந்தினிக்கும் குந்தவைக்கும் முகம் வந்தது.

இப்போது நாம் அதே கதையை ஒரே மூச்சில் இருநூறு பக்கம் படிக்கிறோம். அப்போது சில விஷயங்கள் உறுத்தும். ஒரு பாத்திரம் முன்பே நடந்ததை இன்னொருவரிடம் திரும்பச் சொல்லும். அத்தியாயம் முடியும்போதெல்லாம் ஒரு கதவு திறக்கும், ஒரு உருவம் தெரியும், ஒரு ஓலம் கேட்கும். 'இது ஏன் இப்படி நீட்டுகிறது, ஏன் ஒவ்வொரு தடவையும் அந்தரத்தில் விடுகிறது' என்று தோன்றும். எழுதியவர் வளர்த்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். போன வாரத்தை மறந்த வாசகருக்கு ஞாபகப்படுத்தவும், அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கவும் அவர் செய்த வேலை அது. முன்பின் தெரியாதவர் நடுவில் வந்து சேர்ந்தாலும் கதை புரிய வேண்டுமே.

அதனால் நான் சொல்லும் யோசனை: ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் ஆசை இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். அடுத்த நாள் வேலைக்கு நடுவே 'அந்தக் கடம்பூர் மாளிகையில் என்ன ஆகியிருக்கும்' என்று மனம் ஓடினால், அந்தப் புத்தகத்தை அதன் நடைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெயர்க் குழப்பம்

சரி, அக்கா மகளின் முதல் பிரச்சினைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து அவளுக்கு இப்படி எழுதிக் காட்டினேன்.

பெரியவர் முதலாம் பராந்தக சோழர். அவருக்குப் பல பிள்ளைகள், அவர்களில் மூன்று பேரை நினைவில் வைத்தால் போதும். மூத்தவர் ராஜாதித்தர், அப்பா இருக்கும்போதே போரில் இறந்துவிட்டார். அடுத்தவர் கண்டராதித்தர், பட்டத்துக்கு வந்தார். ஆனால் அவர் காலமானபோது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயர் பக்கம் போய்விட்டது. அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். இதற்குள் அந்தச் சின்னக் குழந்தை மதுராந்தகன் வளர்ந்து ஆளாகிவிட்டார். இப்போது அடுத்த பட்டம் யாருக்கு?

"இது பங்காளிச் சண்டை மாமா" என்றாள் அவள். அதேதான். பெரியப்பா வழிக்கா, சித்தப்பா வழிக்கா என்று எத்தனையோ ஊரில் நிலத்துக்கு நடக்கிற வழக்கு இங்கே சோழ நாட்டுக்கு நடக்கிறது. இந்த ஒரு முடிச்சு பிடிபட்டால் ஐந்து பாகத்தின் அரசியலும் பிடிபட்டுவிடும். அந்தத் தாளைப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

ஒருவருக்கே பல பேர் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பிறந்தபோது வைத்த பேர், பட்டம் ஏறும்போது சூடிய பேர், மக்கள் செல்லமாக அழைத்த பேர் என்று தனித்தனி. அருள்மொழிதான் பொன்னியின் செல்வன், அவன்தான் 985-ல் பட்டம் ஏறிய ராஜராஜன். மதுராந்தகன் பட்டத்துக்கு வந்ததும் உத்தம சோழன். சுந்தர சோழரே இரண்டாம் பராந்தகர். கல்வெட்டு பேசுவது பெரும்பாலும் பட்டப்பேரில், கதை பேசுவது பிள்ளைப்பேரில். அங்கேதான் தடுமாறுகிறோம்.

யார் நிஜம், யார் கற்பனை?

இது கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம். வளமான இடமும் இதுதான்.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டி உடையார்குடி இருக்கிறது. அங்கே அனந்தீசுவரர் கோயில் கருவறைச் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை' கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிய அரச ஆணை அது. ஆதித்த கரிகாலன் கொலைசெய்யப்பட்டான் என்பதற்கு நம்மிடம் உள்ள நேரான சாட்சி இந்தக் கல்.

இப்போது அதில் ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். ரவிதாசனுக்கு அங்கே 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம் இருக்கிறது. பிரமாதிராஜன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த இடத்தில் இருந்த பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். நாவலில் வரும் ரவிதாசன் யார்? காட்டிலும் நிலவறையிலும் உலவும் மந்திரவாதி, பாண்டிய மன்னனுக்காகப் பழிவாங்கச் சபதம் எடுத்த ஆபத்துதவி, அதாவது மெய்க்காவலன். கல்வெட்டில் இருப்பவர் பட்டம் பெற்ற அதிகாரி, கதையில் இருப்பவன் ஆந்தை போல் குரல் கொடுத்து ஆட்களைக் கூட்டுகிறவன். பேர் ஒன்று, ஆள் வேறு. கல்கி அந்தப் பேரைக் கல்லிலிருந்து எடுத்து, உடம்பைத் தானே செய்தார்.

கொலை ஏன் நடந்தது, பின்னால் யார் இருந்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழனுக்கு அதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இரண்டு பேரும் மிகப் பெரிய அறிஞர்கள், இரண்டு பேரும் பார்த்தது அதே கல்லை. சரித்திரம் வாய் திறக்காமல் விட்ட இடம் அது. நாவலாசிரியர் நுழைவதும் அங்கேதான். நந்தினியைக் கல்கி அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். நந்தினி முழுக் கற்பனை. பூங்குழலி கற்பனை, ஆழ்வார்க்கடியான் கற்பனை. பழுவேட்டரையர்கள் என்ற குடும்பம் நிஜம், அரியலூர்ப் பக்கத்துப் பழுவூர்க் கோயில்களில் அவர்கள் கல்வெட்டுகள் இருக்கின்றன. நாவலில் வரும் கிழவர் பெரிய பழுவேட்டரையரின் காதலும் அறுபத்து நான்கு விழுப்புண்ணும் கல்கி கொடுத்தவை. அநிருத்த பிரமராயர் நிஜம், சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்த செப்பேடு அன்பில் ஊரில் கிடைத்தது.

இதிலே ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும். இத்தனை பாத்திரங்களை உருவாக்கியவர், கத்தியைப் பிடித்த கை யாருடையது என்று மட்டும் அடித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தன்னால்தான் நடந்தது என்று நினைக்கும்படி விட்டுவிடுகிறார். கல்வெட்டுக்கும் அறிஞர்களுக்கும் தெளிவாகாததைத் தான் தீர்த்துவிட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த அத்தியாயம் மேல் அவ்வளவு மதிப்பு.

'கொலையைச் சொல்லிவிட்டீர்களே, இனி என்ன சுவாரஸ்யம்' என்று கேட்கலாம். மூன்றாம் பாகத்துக்குப் பேரே 'கொலை வாள்'. அருள்மொழி பிற்காலத்தில் ராஜராஜன் ஆவான் என்பது 1950-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த யாருக்கும் தெரியும். சரித்திரக் கதையில் 'என்ன நடக்கும்' என்ற கேள்வி சின்னது. 'அது எப்படி நடந்திருக்கும், அவர்கள் மனசில் என்ன ஓடியிருக்கும்' என்பதுதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும். குடிமக்கள் கேட்டுக்கொண்டும், சிற்றப்பன் முறையான மதுராந்தகனுக்கு ஆசை இருக்கும்வரை தான் பட்டத்தை மனசாலும் விரும்பவில்லை என்று அருள்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. செப்பேட்டில் அது ஓரிரு வரிச் செய்தி. அதற்குக் கல்கி ஒரு பாகமே எழுதி, 'தியாகச் சிகரம்' என்று பேர் வைத்தார். அதிலும் ஒரு பெரிய திருப்பம் வைத்திருக்கிறார், அதை நான் சொல்லப் போவதில்லை.

கற்பனைக்காகக் காலத்தை நகர்த்துவதும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தில் அருள்மொழி காய்ச்சலோடு தங்கியிருக்கும் பகுதி மிக அழகானது. ஆனால் லெய்டன் செப்பேட்டின்படி, அந்த விகாரத்தைக் கடல்கடந்த ஸ்ரீவிஜய அரசர் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் எடுப்பித்தார், ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-ஐ ஒட்டி, அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். கதை நடப்பதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் பிந்தைய செய்தி. இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. நாவலைப் படித்துவிட்டு 'சூடாமணி விகாரம் சுந்தர சோழர் காலத்திலேயே இருந்தது' என்று பரீட்சையில் எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான். கதையில் வந்ததை வைத்துச் சரித்திரத்தில் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கல்கியே கடைசியில் எழுதிய முடிவுரையில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, எது ஆதாரம் உள்ளது, எது தன் கற்பனை என்று பேசியிருக்கிறார். நிறையப் பேர் அந்தப் பக்கங்களைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள்.

மொழி

நாழிகை என்றால் 24 நிமிஷம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். காதத்துக்குத் திட்டமான கிலோமீட்டர்க் கணக்குத் தேடி மெனக்கெட வேண்டாம், நடந்தால் கால் வலிக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளக்காரப் படை என்பது அரசன் உயிருக்குத் தன் உயிரைப் பணயம் வைத்துச் சபதம் செய்த மெய்க்காவலர்கள். இந்த மாதிரிச் சொற்கள் இருபது முப்பதுதான் இருக்கும், இரண்டாவது தடவை வரும்போது தானாகப் புரிந்துவிடும்.

'பிரயாணம்', 'யுவதி', 'பிராயம்', 'வியாகூலம்' போன்ற சொற்களைக் கண்டு 'ஓ, சோழர் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள் போல' என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது சோழர் காலத்துப் பேச்சு இல்லை, 1950-ல் பத்திரிகை படித்தவர்களின் தமிழ். 'திருத்தமக்கையார்' என்று கல்வெட்டில் பார்த்தோமே, அதுதான் அந்தக் காலத்து எழுத்துத் தமிழின் சாயல். அந்த நடையில் முழு நாவலும் எழுதியிருந்தால் பாட்டியும் படித்திருக்க மாட்டார், நாமும் படித்திருக்க மாட்டோம். இரண்டு காலம் என்று சொன்னேனே, மொழியில் அது பளிச்சென்று தெரியும்: உடை சோழர் காலம், குரல் 1950.

பழைய நாவல்களில் நமக்கு இன்றைக்கு ஒப்பாத கருத்துகளும் வரும். பெண் இப்படித்தான் இருக்க வேண்டும், இன்ன சாதிக்காரர் இப்படித்தான் பேசுவார் என்பது மாதிரி. அதைக் கண்டும் காணாமலும் போக வேண்டியதில்லை, தப்பு என்று பட்டால் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே படியுங்கள். அதே பழசில் எதிர்பாராத துணிச்சலும் இருக்கும். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே அரசாள்வதை 1879-ல் ஒருவர் எழுதியிருக்கிறாரே! நடுநடுவே நீதி உபதேசம் நிறைய வரும், அந்த இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஞானாம்பாளை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஐந்து பாகத்தைப் பார்த்து மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கனவு' எடுங்கள். சின்னது, விறுவிறுப்பானது, ஒரு மர்மச் சாமியார் வேறு வருகிறார். அதற்கு அப்புறம் 'சிவகாமியின் சபதம்'. கதைப்படி அது முந்தியது, எழுதப்பட்டது பிந்தி. 'பார்த்திபன் கனவி'ல் வயதான சக்கரவர்த்தியாகப் பார்த்த நரசிம்ம பல்லவனை அதில் காதல்வயப்பட்ட இளைஞனாகப் பார்ப்பது தனி அனுபவம். அதன் பிறகு 'பொன்னியின் செல்வன்'. சோழர் கதை விட மனமில்லை என்றால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இருக்கிறது, ராஜேந்திரன் காலம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அதனால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கும், இணையத்தில் ப்ராஜெக்ட் மதுரையில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் ஓவியங்களோடு உள்ள பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

இன்னொன்று, ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் ஊர்கள் எங்கேயும் போய்விடவில்லை. குடந்தை என்பது கும்பகோணம். சோழர்களின் மாளிகைகள் இருந்த பழையாறை இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். பூங்குழலியின் கோடிக்கரையில் குழகர் கோயில் நிற்கிறது.

முதல் அத்தியாயம் நடக்கும் வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். பராந்தகரின் பட்டப்பேர் அந்த ஏரிக்கு. ஆடிப் பெருக்கு நாள், ஏரி தளும்பி நிற்கிறது, ஜனங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துக் கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் சப்பரம் இழுத்து வருகிறார்கள், வந்தியத்தேவன் கரைமேல் குதிரையில் போய்க்கொண்டே மதகுகளை எண்ணுகிறான். எழுபத்து நாலு. கொலையாளிகளின் பேர் வெட்டியிருக்கிற அந்த உடையார்குடிச் சுவர் இதே ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. கதை தொடங்கும் கரையும், கதைக்கு விதையான கல்லும் கூப்பிடு தூரத்தில்!

இதைச் சொன்னபோது அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சென்னையில் இருக்கிறவள். வீராணத்துத் தண்ணீர்தான் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது என்று சொன்னதும், கையில் இருந்த டம்ளரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். போன வாரம் போன் பண்ணினாள். வந்தியத்தேவன் படகில் ஈழத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம், இரண்டாம் பாகம். வருகிற ஆடிப் பதினெட்டுக்கு ஏரிக்கரைக்குப் போகலாம், உடையார்குடியில் அந்தச் சுவரைக் காட்டு என்கிறாள். அதற்குள் ஐந்து பாகத்தையும், முடிவுரையோடு, முடித்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.